ஸர் முத்துசாமி ஐயரின் இளமையும் தஞ்சை நாடும்

பெரியோர் சரித்திரங்களைக் கூறும்போது அவர்கள் ஏறிய சிகரத்தையே நாம் முதலில் நோக்குகின்றோம். அச்சிகரத்திற்கு அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த வழியையும், வழியில் கைகொடுத்தவரையும் நினைப்பவர் சிலரே. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஸ்தானம் பெற்ற முதல் இந்தியரான ஸர் முத்துசாமி ஐயரைப்பற்றி நம் வீடுகளில் பெரும்பாலும் வழங்கும் செய்தி ஒன்றே. அவர் வறுமையிற் பிறந்து, எண்ணெய்க்குக் காசின்றித் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்து முன்னுக்கு வந்தார் என்பதே அது. பிள்ளைகளைப் படிக்கத் தூண்டுவதற்கு அக்கதை மிக நல்லதே. ஆனால் அது அவருடைய முயற்சியை மட்டும் காட்டி, அவருக்குக் கிடைத்த ஆதரவையும், அவரை உருவாக்கிய நாட்டையும் மறைத்துவிடுகின்றது. அவர் பெயருக்கு முன்னே நின்ற எழுத்துத் திருவாரூரைக் குறிப்பது. அவ்வெழுத்தின் பொருளை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முத்துசாமி ஐயர் 1832ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆம் தேதி, அக்காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவில் உள்ள உச்சுவாடி என்னும் சிற்றூரிற் பிறந்தார். இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எனத் தனித்தனி மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் காவிரிக் கழிமுகம் முழுவதும் அந்நாளில் ஒரே ஜில்லாவாயிருந்தது. குடும்பம் ஏழ்மையானது. தந்தை இளமையிலேயே காலமாயினார். தாயார் பிள்ளைகளை வளர்க்கும் பொருட்டுத் திருவாரூரை அடைந்தார். பொருள் தேட வேண்டிய நிர்ப்பந்தம் நேரவே, பள்ளியில் இருக்கவேண்டிய வயதில் முத்துசாமி கிராமக் கணக்கருக்கு உதவியாளராக அமர்ந்தார். அவருக்குக் கிடைத்த சம்பளம் மாதம் 1 ரூபாய். சின்னாளில் அவ்வன்னையும் உலக வாழ்வை நீத்தார். துணையற்ற சிறுவருக்கு எஞ்சியது அந்த ஒரு ரூபாய் உத்தியோகமும், கற்கவேண்டும் என்னும் தீராத வேட்கையுமே.

அவ்வுத்தியோகத்தை இழிவாக எண்ணுதல் தவறு. தஞ்சை நாட்டில் கணக்கு என்பது வெறும் கூட்டலும் கழித்தலும் அன்று. 100 குழி ஒரு மா என்றும், 20 மா ஒரு வேலி என்றும் நிலத்தை அளப்பதும், 12 மரக்கால் ஒரு கலம் என்று நெல்லை அளப்பதும் அதன் அரிச்சுவடி மாத்திரமே. அதற்கு மேல், எந்த நிலம் நஞ்சை, எது புஞ்சை, எது மானியம், மேல்வாரம் யாருக்கு, குடிவாரம் யாருக்கு, வாய்க்கால் நீர் எந்த மடையில் எத்தனை நாழிகை பாயும், கரை உடைந்தால் அடைக்கவேண்டியவர் யார் என்பன யாவும் கணக்கருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அந்நாட்டு மிராசுக் கிராமங்களில் ஏகபோகம், பலபோகம், சமுதாயம் என உரிமை மூவகைப்பட்டது. ஒருவரே ஊர் முழுவதையும் ஆளுவது ஏகபோகம். பங்காளிகள் பலர் தத்தம் பங்கைத் தனியே அனுபவிப்பது பலபோகம். நிலத்தைப் பொதுவில் வைத்துப் பங்கு வீதத்தால் பலனை அடைவது சமுதாயம். இவற்றுள் ஒவ்வொன்றிலும் விற்பனைக்கும் ஒற்றிக்கும் பாகத்திற்கும் வேறு வேறு வழக்கங்கள் உண்டு. இவ்வழக்கங்கள் அந்நாளில் எந்தச் சட்டப்புத்தகத்திலும் ஒழுங்குற எழுதப்பட்டிருக்கவில்லை. அவை கணக்கரின் ஏடுகளிலும் முதியோர் நினைவிலுமே உறைந்து கிடந்தன. அவ்வேடுகளைப் பிரதி செய்தும் கூட்டியும் சரிபார்த்தும் வந்த சிறுவர், தாம் அறியாமலே நிலவுரிமைச் சாஸ்திரத்தைக் கற்று வந்தார் என்று சொல்வது மிகையாகாது.

அக்காலத்தில் திருவாரூரில் தாசில்தாராயிருந்தவர் முத்துசாமி நாயக்கர் என்னும் கனவான். சிறுவரின் பெயரும் அவர் பெயரும் ஒன்றாயிருந்தது தற்செயலே. ஆனால் பின்னர் நிகழ்ந்தது தற்செயல் அன்று. ஒருகால் வெள்ளப் பெருக்கினால் ஆற்றின் கரை பழுதுபட்டதென்ற செய்தி கச்சேரிக்கு வந்தது. தாசில்தார் குமாஸ்தாக்களை அழைத்தார். அவ்வேளையில் அங்கு ஒருவரும் இலர். அருகே இருந்த சிறுவரே முன்வந்து நின்றார். வேறு வழியின்றி அவரையே அனுப்பினார். சிறுவர் கரைக்குச் சென்று, உடைப்பின் நீளம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, அதை அடைக்க வேண்டிய பொருள்கள் எவை, ஆட்கள் எத்தனை பேர் என்று யாவற்றையும் தாமே அளந்து கணக்கிட்டுக்கொண்டு திரும்பினார். தாசில்தாருக்கு முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை. வேறு ஒருவரைக்கொண்டு விசாரித்ததில் சிறுவர் கூறியது சிறிதும் பிழையின்றி இருந்தது. இச்செய்தி ஐயர் வாழ்ந்த நாள் முதலே வழங்கிவருகின்றது.

காவிரி நாட்டில் கரை உடைப்பு என்பது விளையாட்டுக் காரியம் அன்று. ஒரு ராத்திரி தாமதித்தால் பல வேலி நிலமும் ஒரு வருஷத்து நெல்லும் மணலின் கீழ்ப் போய்விடும். ஆகவே அத்தகைய வேளையில் உள்ளதை உள்ளபடி வந்து சொல்லக்கூடியவர் யார் என்பதைத் தாசில்தார்கள் நன்கு அறிவர். நாயக்கர் அச்சிறுவரின் மதிப்பை உடனே உணர்ந்தார். உணர்ந்தபின் அவர் இரண்டு வழிகளில் ஒன்றைக் கைக்கொண்டிருக்கலாம். சம்பளத்தைச் சற்று உயர்த்தி, தமது கச்சேரியிலேயே அவரை நிறுத்திக்கொள்வது ஒன்று. அதனால் தாசில்தாருக்கு நல்ல குமாஸ்தா ஒருவர் கிடைத்திருப்பார். சிறுவரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார். மற்றொன்று, தமக்குப் பயன்பட்டவரைத் தாமே இழந்து, அவரைப் படிக்க அனுப்புவது. நாயக்கர் இரண்டாவதையே செய்தார்.

அவ்வாறு முத்துசாமி முதலில் நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியிற் சேர்ந்து ஆங்கிலம் பயின்றார். பின்பு நாயக்கரின் ஆதரவினாலேயே சென்னைக்குச் சென்று, பவல் துரை தலைமை ஆசிரியராயிருந்த ஹைஸ்கூலிற் சேர்ந்தார். அப்பள்ளியே பிற்பாடு ராஜதானிக் கல்லூரியாக வளர்ந்தது. பவல் துரை மாணாக்கரின் அறிவை மதித்து ஊக்குவிப்பதில் பெயர் பெற்றவர். அவரிடத்தில் முத்துசாமியின் ஆங்கிலப் புலமை விரைவில் தழைத்தது. 1854ஆம் ஆண்டில் ராஜதானி முழுவதற்கும் பொதுவாக நடத்தப்பட்ட ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் அவர் 500 ரூபாய்ப் பரிசைப் பெற்றார். மாதம் ஒரு ரூபாய்க்குக் கணக்கெழுதியவருக்கு அது நாற்பது வருஷத்துச் சம்பளத்தினும் அதிகம் என்பதை நினைத்துப் பார்க்கத் தகும். கல்வி இலாகாவின் பெரிய உத்தியோகஸ்தர்களின் கவனமும் அதனால் அவர்மீது விழுந்தது.

பட்டணத்தில் இவ்வளவு கீர்த்தி பெற்றவர் அங்கேயே தங்கிவிடுவது உலக இயல்பு. ஐயரோ சில காலம் ஆசிரியராயிருந்து, மீண்டும் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே வந்துசேர்ந்தார். அங்கே கலெக்டர் கச்சேரியில் பதிவேடுகளைக் காக்கும் உத்தியோகம் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் துணை இன்ஸ்பெக்டரானார். சிறுவயதில் ஒரு கிராமத்தின் ஏடுகளைப் புரட்டியவருக்கு இப்போது ஒரு ஜில்லாவின் தஸ்தாவேஜுகள் கைவந்தன. பள்ளிகளைப் பார்வையிடும் பணியோ ஊர் ஊராகச் செல்லும் வாய்ப்பைத் தந்தது. இந்நிலையில் சர்க்கார் வக்கீல்களுக்கென்று ஒரு பரீட்சையை ஏற்படுத்திற்று. ஐயர் சட்டக் கல்லூரி எதிலும் பயின்றவர் அல்லர். தாமே படித்து அப்பரீட்சைக்குச் சென்று முதலாவதாகத் தேறினார். அதன் பயனாகத் தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீப் ஆனார். அவருடைய நீதித்துறை வாழ்வின் தொடக்கம் இதுவே.

தரங்கம்பாடி அந்நாளில் எத்தகைய ஊர் என்பதை அறிந்தால்தான் அத்தொடக்கத்தின் சிறப்பு விளங்கும். 1620 முதல் அது டென்மார்க் தேசத்தாரின் துறைமுகமாயிருந்தது. 1845இல் அவர்கள் அதனை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுச் சென்றனர். உடனே ஜில்லாக் கலெக்டரின் தலைமை ஸ்தானம் அங்கே அமைந்து, 1860 வரையில் நிலைத்தது. அதன்பின் 1884 வரை ஜில்லா நீதிபதியின் ஆசனமும் அங்கேயே இருந்தது. ஆகவே, இன்று அலையோசை மட்டும் கேட்கும் அக்கடற்கரைச் சிற்றூர், அன்று தஞ்சை ஜில்லாவின் வழக்குகள் வந்து குவியும் இடமாக விளங்கிற்று. அக்காலமும் பெரிய மாறுதற் காலம். 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் சந்ததியின்றி மரிக்க, கம்பெனியார் ராஜ்யம் முடிந்ததெனக் கூறி அரண்மனைச் சொத்துக்களையும் கைப்பற்றினர். அவற்றைக் குறித்து ராணி தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில் வரையிற் சென்றது. அரசரின் சொத்துக்கே எது சட்டம், யார் நீதிபதி என்ற கேள்வி எழுந்த காலத்தில், சாதாரணக் குடிகளின் நிலைமையைச் சொல்லவும் வேண்டுமோ?

குடிகள் முதன்முதல் ஏறும் படி முன்சீப் கோர்ட்டே. கடன் பத்திரம், ஒற்றிச் சீட்டு, வாய்க்கால் தகராறு, பங்காளிச் சண்டை, குத்தகைப் பாக்கி ஆகிய இவையே அங்கு வருவன. வெளிநாட்டிலிருந்து வந்த நீதிபதிகள் இவற்றை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே அறிய வேண்டியிருந்தது. சாட்சி சொன்ன சொல் ஒன்று, மொழிபெயர்ப்பில் வந்த சொல் வேறு என்ற நிலையில், வழக்கின் உயிர் எத்தனையோ முறை வழியிலேயே நழுவிப் போயிருக்கும். ஐயருக்கு அக்குறை இல்லை. வேலி, மா, குழி என்று ஒரு மிராசுதார் பேசினால், அவர் பேசுவது எந்த நிலத்தைப்பற்றி, எந்த உரிமையைப்பற்றி என்பதைத் தமது சிறுவயது அறிவினாலேயே அவர் கண்டுகொள்வார். கணக்கு ஏட்டில் பின்னாளில் நுழைக்கப்பட்ட வரி எது, முதலிலிருந்த வரி எது என்பதைப் பிரித்தறிய, ஏடெழுதிப் பழகிய கண்ணைக் காட்டிலும் சிறந்த கருவி யாது? கரையை நேரிற் பார்த்து அளந்து வந்த அச்சிறுவரின் குணமே, இங்கும் பிறர் சொல்லை அப்படியே ஏற்காமல் உண்மையைத் தாமே தேடி அளக்கும் நீதிபதியின் குணமாயிற்று. அவருடைய வேலையை அருகிருந்து கவனித்த மேலதிகாரிகள் அவரைப் பெரிதும் மதித்தனர்.

1859ஆம் ஆண்டில் அவர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே துணைக் கலெக்டரும் மாஜிஸ்டிரேட்டும் ஆனார். அதே ஆண்டில் சிவில் வழக்குகளை நடத்தும் முறைகள் ஒரே சட்டமாகத் தொகுக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் இந்தியக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1862இல் சென்னை ஹைகோர்ட்டு தோன்றிற்று. இவ்வாறு புதிய சட்டங்களும் புதிய நீதிமன்றங்களும் நாட்டிற் புகுந்த அந்த ஆண்டுகளில், அவை கிராமத்தில் எவ்வாறு வேரூன்றுகின்றன, எங்கே குடிகளின் பழைய வழக்கத்தோடு மோதுகின்றன என்பதை அவர் தம் கண்முன் கண்டார். வரி வசூல், நில விசாரணை, குற்ற விசாரணை என்னும் மூன்றும் ஒருவர் கையிலேயே இருந்தமையால், ஒரு நிலத்தகராறு எப்படிக் கலகமாக மாறுகிறது என்பதையும் கலகத்தின் அடியில் என்ன அநீதி கிடக்கின்றது என்பதையும் அறிய இப்பதவி இடந்தந்தது.

1865இல் அவர் மங்களூருக்குப் பிரதான சதர் அமீனாக, அதாவது பின்னாளில் சப் ஜட்ஜி எனப்பட்ட பதவிக்கு மாற்றப்பட்டார். தஞ்சையை விட்டு முதன்முறையாக வெகுதூரம் சென்று நியாயம் வழங்கியது அங்கேதான். தென் கன்னடத்தில் சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாமல், பெண்வழியே மருமகனுக்குச் செல்லும் அளியசந்தானம் என்னும் முறை பல குடும்பங்களில் வழங்கிற்று. காவிரிக்கரையின் வழக்கமே உலகின் வழக்கம் என்று எண்ணுவதற்கு இடமில்லாமல், ஊருக்கு ஊர் நியாயத்தின் உருவம் வேறுபடும் என்பதை அங்கே கண்கூடாகக் காணலாம். பல ஆண்டுகளுக்குப் பின், 1891இல், மலையாளத்து மருமக்கத்தாயக் குடும்பங்களின் விவாகத்தைப்பற்றி ஆராய ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டபோது, அதன் தலைமையை அவரே வகித்தார்.

1868இல் சென்னைப் பட்டணத்தின் போலீஸ் மாஜிஸ்டிரேட்டாக நியமனம் பெற்றார். அப்பதவியில் நிகழ்ந்த ஒரு செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது. ஹைகோர்ட்டில் நீதிபதியாயிருந்த ஐரோப்பியர் ஒருவர் தம்மை அடித்ததாக இந்தியப் பணியாளர் ஒருவர் முறையிட்டார். மற்றவர் தயங்கியிருக்கக்கூடிய இடத்தில், ஐயர் அந்நீதிபதிக்குச் சம்மன் அனுப்பி, நேரில் வரவழைத்து விசாரித்து, 3 ரூபாய் அபராதம் விதித்தார். தொகை சிறிது; தத்துவம் பெரிது. உத்தியோகம் பார்த்துக்கொண்டே அவர் பி. எல். பட்டமும் பெற்றார். பல்லாண்டு தீர்ப்பளித்தவர் மீண்டும் மாணாக்கராக அமர்ந்து பரீட்சை எழுதுவதை மானக்குறைவாக எண்ணவில்லை. பிறகு ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக விளங்கினார்.

1878இல் அவர் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அதுவரை அவ்வாசனத்தில் அமர்ந்த இந்தியர் ஒருவரும் இலர். ஐரோப்பியர் நடத்திய சில பத்திரிகைகள் அந்நியமனத்தைக் கண்டித்து எழுதின. அவற்றிற்கு மறுமொழி கூற நம்மவரிடம் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றும் இல்லையே என்று வருந்திய ஆறு இளைஞர், ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாசாரியாரும் உள்ளிட்டோர், 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20ஆம் தேதி ஹிந்து என்னும் பத்திரிகையின் முதல் இதழை 80 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டனர். இன்றும் அப்பத்திரிகை நடந்துவருகின்றது. ஒருவருடைய நியமனம் ஒரு பத்திரிகையையே பிறப்பித்தது என்றால், அக்காலத்து மக்கள் அதனை எவ்வளவு பெரிதாகக் கருதினர் என்பது தெளிவாகும்.

கண்டித்தவர்களுக்கு அவர் தம் தீர்ப்புகளாலேயே விடையிறுத்தார். கூட்டுக் குடும்பச் சொத்து, மடம், தேவஸ்தானம், நிலவுரிமை முதலியவற்றில் அவர் எழுதிய தீர்ப்புகள் அவருக்குப் பின்வந்த நீதிமன்றங்களாலும் எடுத்தாளப்பட்டன. சட்டத்தை அவர் நூல்களில் ஆழ்ந்து கற்றார் என்பது உண்மையே. ஆனால் அச்சட்டம் யார் வாழ்வைத் தொடுகின்றதோ அவர்களை அவர் அறிந்தது நூலில் அன்று. திருவாரூர்க் கச்சேரியிலும், தரங்கம்பாடி முன்சீப் கோர்ட்டிலும், தஞ்சையின் ஆற்றங்கரைகளிலுமே. 1893இல் அவருக்கு ஸர் பட்டம் வழங்கப்பட்டது. அதே ஆண்டில் சில மாதங்கள் தலைமை நீதிபதியாகவும் கடமை புரிந்தார். சென்னையில் அவ்வாறு அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. 1895ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி, அறுபத்து மூன்று வயது நிரம்ப மூன்று நாளிருக்கும்போது, பதவியிலிருந்தவாறே காலமானார். அவருடைய இடத்தில் மதுரையில் வக்கீல் தொழிலில் வளர்ந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் அமர்ந்தார். ஒருவர் திறந்த வாயிலின் வழியே பிறகு பலரும் நுழைந்தனர். ஹைகோர்ட்டில் முத்துசாமி ஐயரின் சலவைக்கல் உருவம் இன்றும் விளங்குகின்றது.

அன்பர்களே, இச்சரித்திரத்தைப் படித்தபின் நாம் யாரை நினைக்கவேண்டும்? ஐயரை நினைப்பது எளிது. அவருக்குச் சிலையும் பட்டமும் உண்டு. சிலையும் பட்டமும் இல்லாத மற்றொருவரையும் நினைத்தல் கடன். அவரே தாசில்தார் முத்துசாமி நாயக்கர். தம் குலத்தவர் அல்லாத, தமக்கு எவ்வகையிலும் உறவல்லாத, ஒரு ரூபாய்ச் சம்பளத்துச் சிறுவர் ஒருவரின் திறமையைக் கண்டு, அத்திறமையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் உலகுக்குக் கொடுத்தவர் அவர். அவர் அவ்வாறு செய்யாதிருந்தால், திருவாரூரில் மிகச் சிறந்த கணக்கர் ஒருவர் வாழ்ந்து மறைந்திருப்பார், அவ்வளவே.

நம் சங்கத்தின் வாயிலாகப் பிள்ளைகளின் கல்விக்குப் பொருளுதவி செய்யும்போது, பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்களையே நாம் பெரிதும் பார்க்கின்றோம். அது வேண்டியதே. ஆயினும் நம் கடைகளிலும் வயல்களிலும் கச்சேரிகளிலும் சில்லறை வேலை செய்துகொண்டு, சொன்ன காரியத்தைப் பிழையின்றிச் செய்து முடித்துவரும் சிறுவரும் சிறுமியரும் எத்தனை பேர்! அவர்களைக் காணும்போது நல்ல வேலையாள் அகப்பட்டார் என்று மகிழ்வதோடு நின்றுவிடுகின்றோமா, அல்லது இப்பிள்ளை இருக்கவேண்டிய இடம் இது அன்று என்று எண்ணி, நம் நஷ்டத்தையும் பாராமல் வழிவிடுகின்றோமா? அப்பிள்ளை நம் வகுப்பினரா அல்லரா என்று அவ்வேளையில் நாயக்கர் கேட்கவில்லை. நாமும் கேளாதிருப்பதே அவருக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.